ஒரு மாதிரிக் கிடக்கு

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் தடிமன். நோர்பரியில் புது பாத்ரூம் வேலை தொடங்கியாயிற்று. பழைய டைல்ஸ் முழுக்கக் கழற்றியாயிற்று. பின்னால் சுவர் ஈரம். வீட்டுக்காரி நெடுக வந்து எட்டிப் பார்க்கிறாள்.

வாங்க: டைல் இடுக்குக்கு வெள்ளைக் கிரவுட். அம்மாவின் பிரஷர் மாத்திரை. கலியாணக் கோட் தைக்கிறவருக்கு ஒரு போன். தொப்பை கூடிவிட்டது, சொல்ல வேண்டும்.

அனி சொல்லித்தான் இந்தக் கொப்பி. ஜப்பானிய மொழியில் நாட்குறிப்பு எழுதிப் பழகச் சொன்னாள். முதல் நாள் 'இன்று செவ்வாய்' என்று எழுதினேன். அதோடு என் ஜப்பான் முடிந்தது. தமிழிலாவது எழுதுவோம், ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

பாடம் தொடங்கிய கதையை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். மாசியில் பிலோமினா அன்ரி கொண்டுவந்த சம்பந்தம். பெண் லண்டனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செவன் கிங்ஸ், பெயர் அனிற்றா. ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள், இப்போது இங்கே ஒரு ஜப்பான் கம்பனியில் கந்தோர் வேலை. நான் ஜெர்மனியில் வளர்ந்து இங்கே வந்து டைல்ஸ் போடுகிறவன். பேச்சுக்கால் முடிந்த பிறகு இரண்டு பேரும் போனில் என்னத்தைக் கதைப்பது? சாப்பிட்டீரா? சாப்பிட்டன், நீங்கள்? கிழமைக் கணக்காக இதே கதை. கலியாணம் முடிய ஜப்பானுக்குப் போவதென்று இருந்தது. அப்ப பாஷையைப் படிப்பியுமன் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவள் முதன்முதல் வாய்விட்டுச் சிரித்தாள். அதிலிருந்து செவ்வாய்தோறும் பின்னேரம் ஏழு மணிக்கு வீடியோவில் பாடம். கிழமையில் எனக்குப் பிடித்த நாள் இப்போது செவ்வாய். இதை அவளுக்குச் சொல்லவில்லை.

இன்றைய சொல்: நன்தோனக்கு. காரணம் தெரியாமல் மனதில் படுவதைச் சொல்கிறபோது முன்னால் போடுவது. போட்டுவிட்டால் அங்கே ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்களாம்.

நான் சொன்னேன்: நன்தோனக்கு, எனக்குப் பசிக்கிறது. பிழையாம். பசிக்குக் காரணம் இருக்கிறது, மத்தியானம் சாப்பிடவில்லை. காரணம் இல்லாத ஒன்றைச் சொல்லச் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். எனக்குள் அப்படி ஒன்றுமே இல்லை போல.

அவள் சொன்ன உதாரணம்: நன்தோனக்கு, இந்த அறையில் ஒரு யன்னல் குறைகிறது.

நல்ல வசனம். ஆறு தரம் சொல்லிப் பழகினேன்.

செப்டெம்பர் 11, வியாழன்

வானம் மப்பு. மழை இல்லை.

தவம் அண்ணையோடு பகல் முழுக்கச் சண்டை. எனக்குத் தொழில் பழக்கினவர், இப்போது என்னோடு கூலிக்கு வருகிறார், ஆனால் இன்னும் தான்தான் முதலாளி என்ற நினைப்பு. நேற்று ஒட்டின சுவரை விரலால் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். 'இது கோதாக் கிடக்கு' என்றார். பின்னால் பசை பிடிக்கவில்லையாம். மட்டம் வைத்துக் காட்டினேன். நேர். கழற்று என்று ஒற்றைக்காலில் நின்றார். கழற்றினோம். பின்பக்கம் முழுக்கப் பசை, ஒரு மூலை கூட வெறுமையாக இல்லை. கழற்றியதில் டைல் இரண்டாகப் போயிற்று. மனுசன் வெட்கப்படவும் இல்லை. 'அப்ப சரி, மனம் ஆறிச்சு' என்று தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அவர் மனம் ஆறியது. டைல் என்னுடையது.

வீட்டில் அம்மா கலியாணச் சாமான் லிஸ்ட் வாசித்தாள். மழை வந்தால் ஹோல் வாசலில் கார் எங்கே விடுவது என்று கேட்டேன். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் கண்டதையும் சொல்லாதே என்று ஏச்சு. ஒக்ரோபர் கடைசியில் லண்டனில் மழை வரும் என்று சொல்வது அபசகுனமாம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வெயில். நம்ப முடியவில்லை.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இப்போது எத்தனையோ கோயில்களில் வாசிப்பதில்லையாம். அம்மா ஃபாதரிடம் தானே போய்க் கேட்டு வாசிப்பிக்கிறாள். மூன்று ஞாயிறு, எங்கள் பங்கிலும் பெண்ணின் பங்கிலும், இன்னார் மகன் இன்னார் மகளை மணக்கப்போகிறார், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சபைக்கு முன்னால் சொல்லாவிட்டால் அவளுக்கு அது கலியாணமே இல்லை. பூசை இங்கே ஆங்கிலத்தில். அம்மாவுக்குப் பாதி விளங்காது. என் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்குக் காது சூடாயிற்று. 'தடை' என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருவர் இருமினார். அம்மா திரும்பி ஒரு முறை முறைத்தாள், பாவம் அந்த ஆள் இருமலை விழுங்கிவிட்டார்.

வாசலில் சனம் கைகொடுத்தது. அப்பா இருந்திருந்தால் என்று அம்மா ஒரு பாட்டம் அழுதாள். பிறகு ட்ராமில் வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

அனிக்குப் போன் எடுத்தேன். அங்கேயும் வாசித்தாயிற்றாம். 'ஓம், வாசிச்சவை' என்றாள். அவ்வளவுதான். என்ன சாப்பாடு என்று கேட்டேன். இடியப்பமும் சொதியும் என்றாள். பின்னால் அவள் வீட்டுச் சனத்தின் சிரிப்புச் சத்தம்.

போனை வைத்த பிறகு எனக்கு ஒரு மாதிரி. ஏன் என்று தெரியாது. அவள் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லையே.

செப்டெம்பர் 16, செவ்வாய்

காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எங்கள் வாசலில்.

இன்றைய பாடம் பெரிது. 'கி கா சுரு': மனதுக்குப் படுகிறது. 'மோயாமோயா': உள்ளே மப்பும் மந்தாரமுமாகக் கிடப்பது. 'முனாசவாகி': நெஞ்சுக்குள் இரைச்சல், ஏதோ நடக்கப்போகிறது என்று. 'முஷி நோ ஷிராசே': பூச்சி சொன்ன சேதி. வயிற்றுக்குள் ஒரு பூச்சி இருந்து முன்கூட்டிச் சொல்லுமாம்.

எங்கள் ஊரில் பல்லி சொல்லும் என்றேன். லண்டனில் பல்லி இல்லையே, இங்கே ஆர் சொல்லுவினம் என்று அனி கேட்டாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

அவள் சொன்ன உதாரணங்கள்:
பிழையான தரிப்பில் இறங்கிவிட்டேன் போல மனதுக்குப் படுகிறது.
எல்லோரும் சிரிக்கிற போட்டோவில் நான் மட்டும் கண்ணை மூடியிருக்கிறேன் போல மனதுக்குப் படுகிறது.

இரண்டையும் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னேன். கெட்டிக்காரன் என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். இப்ப நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ என்றாள்.

நான்: வியாழக்கிழமை டைல்ஸ் வந்து சேராது என்று மனதுக்குப் படுகிறது.

இலக்கணம் சரியாம். தலையிடிக்குது என்று நேரத்தோடு வைத்துவிட்டாள்.

செப்டெம்பர் 18, வியாழன்

டைல்ஸ் வரவில்லை! லொறி வேறு எங்கேயோ போய்விட்டதாம். என் வயிற்றிலும் பூச்சி இருக்கிறது. தவம் அண்ணைக்குச் சொன்னேன், பூச்சி மருந்து குடி என்றார்.

டைல்ஸ் இல்லாததால் ஒட்டினதுக்குக் கிரவுட் போட்டுக்கொண்டிருந்தேன். கை வேலை செய்யும், மனம் எங்கேயும் போகும். அப்போதுதான் இடித்தது. யன்னல். பிழையான தரிப்பு. போட்டோ. பாடப்புத்தகத்தில் இப்படியா வசனம் இருக்கும்? புத்தகத்தில் வருவது, நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது, தனக்கா சான் இன்றைக்கு வரமாட்டார் போலிருக்கிறது. நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தேனே. அவள் உதாரணம் சொல்லவில்லை. அவள் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இல்லாமலும் இருக்கலாம். நல்ல டைலைக் கழற்றி உடைத்தவர் கதை போன கிழமைதான் நடந்தது.

பின்னேரம் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஒரு மாதிரிக் கிடக்கம்மா என்று.

'என்ன மாதிரி?'

தெரியாது என்றேன். தெரியாமல் எப்படி ஒரு மாதிரி இருக்கும்? வயிறோ, தலையோ? ஆரும் ஏதும் சொன்னவையோ? கடன் கிடன் பட்டிட்டியோ? கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் நாவூறு என்று தீர்மானித்து, உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை அலாரம் அடித்தது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். நான் கதிரையில் ஏறி அலாரத்துக்குத் துவாயால் விசிறிக்கொண்டு நிற்க, அம்மா கீழே நின்று பார்த்தியா எவ்வளவு கண்ணூறு என்கிறாள்.

எங்களிடம் சொல் இல்லாமல் இல்லை. ஒரு மாதிரிக் கிடக்கு. எவ்வளவு சரியான சொல். ஆனால் சொன்ன மறு நிமிடம் என்ன மாதிரி என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இருந்தால் நான் ஏன் ஒரு மாதிரி என்று சொல்கிறேன்?

செப்டெம்பர் 21, ஞாயிறு

குளிர் தொடங்கிவிட்டது. காலுக்கு மேசு போடாமல் போனேன், கால் விறைத்தது.

இரண்டாம் ஓலை. இன்றைக்கு இருமல் இல்லை. நான்தான் உள்ளுக்குள் இருமிக்கொண்டிருந்தேன். தடை ஏதும் அறிந்தவர்கள். அறிந்தவர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, மனதுக்குப் படுகிறது. அது சேர்த்தியோ?

பூசை முடிய அம்மா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து ஃபாதரைப் பிடித்தேன். நைஜீரியாக்காரர், பெரிய ஆள், பெரிய சிரிப்பு. மனதுக்குப் படுவது ஒரு தடையாகுமா என்று கேட்டேன். ஆகாது என்றார். முன்னமே முடித்திருக்க வேண்டும், இரத்த உறவாக இருக்க வேண்டும், வயது காணாமல் இருக்க வேண்டும், இப்படித்தான் தடை. மாப்பிள்ளைமார் எல்லோருக்கும் கடைசிக் கிழமைகளில் நடுக்கம் வரும் என்று முதுகில் தட்டினார். தட்டின கை அப்படியே நின்றது. படுவது உனக்கா, பெண்ணுக்கா என்று கேட்டார்.

பதில் சொல்ல முதல் அம்மா வந்துவிட்டாள்.

எனக்கு இல்லை, ஃபாதர். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அதுதான் பயம்.

செப்டெம்பர் 22, திங்கள்

என்ன எழுத. தலை சுற்றுகிறது.

பின்னேரம் அனியின் அப்பா எடுத்தார். இதுவரை எனக்கு நேராக எடுத்ததில்லை. சுகம் விசாரித்தார். வேலை விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, 'தம்பி, நாங்கள் குறை ஒண்டும் வைக்கமாட்டம். கார் விஷயம் நாங்களே யோசிச்சுக்கொண்டிருந்ததுதான்' என்றார்.

என்ன கார் என்று கேட்டேன். நீங்கள் கூச்சப்படாதேங்கோ என்றார். எந்த நிறம் விருப்பம் என்றும் கேட்டார்.

விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது இவ்வளவு. நான் அம்மாவுக்குச் சொன்னேன், ஒரு மாதிரிக் கிடக்கு. அம்மா பூ ஓடர் கதைக்க எடுத்தபோது பிலோமினா அன்ரிக்குச் சொன்னாள், தம்பிக்கு ஒரு மாதிரிக் கிடக்காம். அன்ரி எத்தனை சம்பந்தம் பேசினவள். கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளைக்கு ஒரு மாதிரிக் கிடந்தால் அது எந்த மாதிரி என்று அவளுக்கா தெரியாது? சீதனம் காணாது. உடனே செவன் கிங்ஸுக்கு எடுத்து, மாப்பிள்ளை பகுதி மனம் கோணிக்கொண்டு நிற்கினம், ஏதாவது பாத்துச் செய்யுங்கோ என்று சொல்லியிருக்கிறாள்.

என் மனதில் கிடந்தது புகை. ஆற்றைத் தாண்டிச் செவன் கிங்ஸ் போய்ச் சேருவதற்குள் அதற்கு நாலு சில்லு முளைத்துவிட்டது.

அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. நான் என்ன பிழையாச் சொன்னனான், நீ சொன்னதைத்தானே சொன்னனான் என்று அவள் அழுகிறாள். அதுவும் சரிதான்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

பாடம் இல்லை.

ஏழு மணிக்குப் போனுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தேன். ஒரு மெசேஜ் வந்தது: கார் வேணுமெண்டா என்னட்டையே கேட்டிருக்கலாமே.

எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. விளக்கி எழுதப் போய் அழித்தேன், எழுதினேன், அழித்தேன். கடைசியில், வியாழக்கிழமை நான் செவன் கிங்ஸ் வாறன், ஸ்டேஷனடியில் நிப்பன் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள், ரிக் இரண்டும் நீலமாயிற்று. பதில் இல்லை.

செப்டெம்பர் 25, வியாழன்

தவம் அண்ணையிடம் வேலையை விட்டுவிட்டு மத்தியானமே வெளிக்கிட்டேன். ட்ராம், ரெயின், திரும்ப ரெயின். உடுப்பில் கிரவுட் தூசு. மாற்றிக்கொண்டு வர மறந்துபோனேன்.

வந்தாள். கந்தோர் உடுப்பில், கையில் குடை. ஸ்டேஷனுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. மூலை மேசை.

கார் என்ரை கதை இல்லை என்றேன். தெரியும் என்றாள். உங்களுக்குக் கேக்கத் தெரியாது, இரவு முழுக்க யோசிச்சுப் பாத்தனான் என்றாள்.

பிறகு நான் கேட்டேன், யன்னலும் தரிப்பும் போட்டோவும் புத்தகத்தில் இருக்கிற வசனங்களோ என்று. தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சீனியே போடவில்லை.

'இல்லை' என்றாள். பிறகு சொன்னாள்: 'உங்களிலை பிழை ஒண்டும் இல்லை. பிழை இருந்தா எவ்வளவு சுகம். குடிக்கிறார், ஆரையோ வைச்சிருக்கிறார் எண்டு அப்பாட்டைச் சொல்லலாம். எனக்கும் வேறை ஆள் இல்லை. நெஞ்சுக்குள்ளை இரையுது. அவ்வளவுதான். ஓலை வாசிக்க வாசிக்கக் கூடுது.'

வலித்தது. எழுதுகிறபோதும் வலிக்கிறது. இந்தப் பிள்ளையோடு ஒரு வீட்டில் இருப்பேன், செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

நாக்கு நுனியில் கேள்வி. என்ன மாதிரி இரைச்சல்? என்னைக் கண்டாலோ, நினைச்சாலோ? என்ரை வேலையோ, குரலோ, தொப்பையோ? பல்லைக் கடித்துக்கொண்டேன். 'ஓம்' என்றேன். பக்கத்து மேசைக் குழந்தை ஒரு கரண்டியை விழுத்தியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அனி சொன்னாள்: 'நீங்கள் கேக்கேல்லை.'

'என்னத்தை?'

'என்ன மாதிரி எண்டு.'

அப்படியே அழத் தொடங்கிவிட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை! நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று.

ஜப்பானில் அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பக்கத்து மேசைப் பெண் ஒரு நாள் காலை வந்து, நன்தோனக்கு, நெஞ்சு இரைகிறது என்றாளாம். அதிபர் அப்படியா என்று தலையாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். மறுநாள் வந்தாள், வீட்டில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கடை வீட்டிலை இப்பிடி ஒரு நாள் கிடைக்குமோ எண்டு நினைச்சனான் என்றாள்.

கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லுறீரோ என்று கேட்டேன். தெரியாதாம். கலியாணம் நின்றால் நெஞ்சிரைச்சல் நிற்குமோ என்றும் தெரியாதாம். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் பிறகு தனக்கு வாயே வராது, அது மட்டும் தெரியுமாம்.

சரி, அப்ப மூன்றாம் ஓலை வாசிக்கவேண்டாம் என்றேன். ஆர் சொல்லுறது? அவள் சொன்னால் பெட்டை ஆரையோ வைத்திருக்கிறாள் என்று ஊர் சொல்லும். நான் சொல்லுறன் என்றேன்.

'உங்களைச் சீதனப் பேய் எண்டு சொல்லுவினம்.'

'கார் ஏற்கெனவே தந்திட்டினம்' என்றேன்.

அழுகையோடு சிரித்தாள். மூக்கால் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 27, சனி

மழை. சரியான மழை.

காலை ஃபாதர். காரணம் கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது ஏதாவது நடந்ததா? இல்லை. சண்டையா? இல்லை. மற்றப் பங்குக்கு நான் என்ன சொல்வது என்று கேட்டார். மாப்பிள்ளை கேட்டார், பொறுக்கச் சொன்னார் என்று சொல்லுங்கோ என்றேன். ஃபாதர் இம்முறை சிரிக்கவில்லை. சரி, போன் எடுக்கிறேன் என்றார். அந்தப் பெரிய ஆள் வாசல்வரை வந்து குடை பிடித்தார்.

ஹோல்காரர்: முற்பணம் திரும்பாது. கோட்: தைத்தாயிற்று. ஜப்பான் டிக்கெட்: தொடவில்லை.

மத்தியானம் அம்மாவுக்குச் சொன்னேன். பலகாரப் பெட்டிக்கு ரிபன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை வைத்தாள்.

'ஆரடா அவள்?'

ஒருத்தியும் இல்லையம்மா. அப்ப அந்தப் பிள்ளையிலை என்ன குறை? குறை இல்லையம்மா. அப்ப எனக்கு விளங்கேல்லை என்றாள். எனக்கும் விளங்கேல்லை என்றேன். அது உண்மை. பொய் ஒன்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெட்டின ரிபனை எல்லாம் ஒன்றுவிடாமல் சுருட்டி வைத்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள். கறி எது என்று சொல்லவில்லை.

நான் உடைத்தது நல்ல டைலோ, தெரியாது.

செப்டெம்பர் 28, ஞாயிறு

அம்மா பூசைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். மூன்றாம் ஓலைக்கென்று எடுத்து வைத்த மயில்நீலச் சேலையையே உடுத்திக்கொண்டு வந்தாள்.

அறிவித்தல் நேரம். காணிக்கை, கூரை திருத்த நிதி, அடுத்த கிழமை தேநீர் ஒழுங்கு. முடிந்தது. எங்கள் பெயர் இல்லை. சனம் மெல்லத் திரும்பிப் பார்த்தது. அம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல் வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்ததும் எழும்பி, வாசியுங்கோ ஃபாதர் என்று கத்திவிடலாம் போல இருந்தது.

வாசலில் எங்கள் தெரு மேரி அன்ரி வந்து பிடித்தாள். என்னக்கா, இண்டைக்கு வாசிக்கேல்லை?

நான் வாயைத் திறக்க முதல் அம்மா சொன்னாள்: 'பிள்ளைக்கு ஒரு மாதிரிக் கிடக்காம். பொறுத்துப் பாக்கப்போறம்.'

'என்ன மாதிரி?'

'அது அவனுக்கே தெரியாது' என்றாள் அம்மா. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு ட்ராம் தரிப்புக்கு நடந்தாள். மேரி அன்ரியின் வாய் திறந்தபடி. நான் பின்னால் ஓடினேன்.

ட்ராமில் அம்மா யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். அம்மா என்றேன். பேசாமல் வா என்றாள். அதுதான் நேற்று மத்தியானத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை.

செப்டெம்பர் 29, திங்கள்

நோர்பரி வேலை முடிந்தது. வீட்டுக்காரிக்குச் சந்தோஷம். தவம் அண்ணை சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்லாக் கிடக்கு என்றார். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. போகும்போது தன் மத்தியானச் சாப்பாட்டில் பாதியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத் தமிழ்க் கடையில் அரிசி எடுக்கப் போனேன். மூட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மாப்பிள்ளை பகுதி வீடு கேட்டவையாம், தகப்பன் ஏலாது எண்டிட்டாராம். கார் வீடாகிவிட்டது. ஐந்து கிலோ அரிசியை எடுத்துக்கொண்டு மற்ற வழியால் வந்துவிட்டேன். முகம் எரிந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது?

அனியிடமிருந்து ஒன்றும் இல்லை. வியாழனுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 30, செவ்வாய்

தூறல். திரும்ப அதே தூறல்.

புது வேலை விலை பார்க்கப் போகவேண்டியது. போகவில்லை. முகம் வழித்தேன். மேசை துடைத்தேன். எடுப்பாளோ என்று நினைக்கவில்லை என்று எழுத வந்தேன், பொய். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஏழு. வரவில்லை. ஒருநாளும் நேரம் தவறாதவள். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள், திரும்பப் போனாள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. கொப்பியை மூடினேன்.

அடித்தது.

தலைமுடி ஈரம். அப்போதுதான் வேலையால் வந்தாளாம், ரெயின் சுணக்கமாம். வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டேன், அப்பா கதைக்கிறேல்லை, அம்மா அழுகிறா என்றாள். இங்கே மறுபக்கம், அம்மா கதைக்கிறேல்லை, அழுகிறதுக்கு ஆள் இல்லை என்றேன். நெஞ்சு எப்படி என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாடம் தொடங்குவமோ என்றாள். உங்கடை வசனம் ஒண்டு சொல்லுங்கோ.

நன்தோனக்கு, இன்றைக்கு நீர் எடுப்பீர் என்று மனதுக்குப் பட்டது என்றேன், முழுக்க ஜப்பானிய மொழியில், ஒரு பிழை இல்லாமல்.

தலையை ஆட்டினாள். 'அது பொய். நீங்கள் பயந்துபோய் இருந்தனீங்கள். முகத்திலை தெரியுது.'

ஓம் என்றேன். ஜப்பானிய மொழி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. 'இப்ப எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு, அனி.'

போனைக் கிட்டப் பிடித்தாள். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பகிடிக்குக் கேட்கவில்லை, ஏசவும் இல்லை. உண்மையாகவே அறிய வேண்டும் என்று கேட்டாள்.

'என்ன மாதிரி?'